கல்லூரி வாழ்வும் கேட்டல் முதலிய நான்கும்

உ
சிவமயம்

சைவ வித்தியாசாலைகளிலே ஆசிரியத் தொண்டு பூண்டொழுகும் அன்பர்களே!

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்து, பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்த பின்னர், நமது தீவகத்திலே ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கின்றோம். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ பிறந்த பிள்ளையொருவன், கையிலே ஒரு பெட்டியும் நெற்றியிலே தாய் இட்ட திருநீறுமாகப் படகேறிக் குறிகாட்டுவான் துறையில் வந்து இறங்குகின்றான். அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையுங் கடந்து, பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாணஞ் சேர்ந்து, அப்பால் பேராதனைக்கோ கொழும்புக்கோ செல்கின்றான். புறப்படுமுன் தன் ஆசிரியரிடம் வந்து விடைபெறுகின்றான். அவ்வேளையில் நாம் அவனுக்குச் சொல்வது யாது? “நன்றாகப் படி, சித்தியடைந்து வா” என்பதேயாம். இவ்வொரு வாக்கியம் அவனுக்குப் போதுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள்.

போதாது என்பதனை யான் என் பிழையினாலே கற்றேன். அதனை மறையாது கூறுதல் கடமையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடங் கற்ற மாணவன் ஒருவன், மூன்று பாடங்களிலும் மிகச் சிறந்த பெறுபேறு பெற்று, தூரத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்திற் புகுந்தான். ஊரார் மகிழ்ந்தனர், யான் செருக்குற்றேன். மூன்றாம் மாதத்திலே அவன் ஊருக்கு மீண்டுவிட்டான் என்று கேள்வியுற்றுத் தேடிச் சென்றேன். துறையின் கற்கட்டிலே தனியனாய் இருந்தான். மூத்த மாணவர் துன்புறுத்தினரோ என்று வினாவினேன். சிறிது உண்டு, அது பொறுக்கத்தக்கதே என்றான். பணமுட்டோ, நோயோ என்றேன், இல்லை என்றான். நெடுநேரஞ் சென்றபின் அவன் கூறியது இது: “ஐயா, இங்கே நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் நான் விடை சொன்னேன். அங்கே என்னை ஒருவருங் கேட்கவில்லை, நான்தான் கேட்கவேண்டியிருந்தது. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.”

இச்சொல் என் நெஞ்சிலே தைத்தது. பரீட்சைக்கு வரத்தக்க வினாக்களை யானே தெரிந்தெடுத்தேன். விடைகளையும் யானே எழுதிக் கொடுத்தேன். அவன் மனனஞ் செய்தான். பதின்மூன்று ஆண்டுகள் பள்ளியில் இருந்த பிள்ளைக்கு, ஒருமுறையேனும் எழுந்து நின்று, “இஃது எனக்கு விளங்கவில்லை” என்று சொல்லும் பழக்கத்தை யான் கொடுத்தேனல்லேன். அவனைப் பரீட்சார்த்தி ஆக்கினேன், மாணாக்கன் ஆக்கினேனல்லேன்.

இப்பிழைக்கு மருந்து யாதென்று நெடுநாள் எண்ணினேன். அது நம் சித்தாந்தத்திலேயே இருக்கக் கண்டேன். ஞானநெறியிலே நிற்போன் ஏறத்தக்க படிகள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்காக நம் ஆன்றோர் வகுத்தனர். இவை இறைவனை அறிதற்பொருட்டு வகுக்கப்பட்டனவேயாயினும், உலகக் கல்வியைப் பெறுவானும் இப்படிகளிலேயே ஏறல்வேண்டும். கல்லூரியிலே கழியும் மூன்று நான்கு ஆண்டுகளை வீணாக்காது பயன்கொள்ளும் வழி இதனின் வேறில்லை. இனி ஒவ்வொன்றாக நோக்குவாம்.

கேட்டல்

தமிழிலே கேட்டல் என்னுஞ் சொல் செவியால் ஏற்றலையுங் குறிக்கும், வினாவுதலையுங் குறிக்கும். மாணாக்கனுக்கு இவ்விரண்டும் ஒரு தொழிலேயாம். உண்மையாகச் செவிகொடுத்தவனுக்கு ஐயம் பிறக்கும்; ஐயம் பிறந்தவன் வினாவாதிருக்கமாட்டான். வினாவே எழாதவன் கேட்டவன் அல்லன், இருந்தவன் மாத்திரையே.

வினாவுதற்குத் தடை யாது? அறியாமை அன்று, நாணமும் செருக்குமே தடை. அருணந்தி சிவாசாரியர் வரலாற்றை நீவிர் அறிவீர். சகலாகம பண்டிதர் என்று உலகம் போற்ற இருந்த அவர், வயதில் மிக இளையராகிய மெய்கண்ட தேவரிடஞ் சென்றார். ஆணவ மலத்தின் வடிவு யாதென வினாவினார். தேவர் வாய்திறவாது அவரையே சுட்டி நோக்க, நின்ற நிலையே விடையென உணர்ந்து அடிபணிந்து மாணாக்கரானார். அச்செருக்கு நீங்கியமையாலன்றோ நமக்குச் சிவஞான சித்தியார் கிடைத்தது! முதிய பண்டிதர் இளையவரிடம் வினாவ நாணாதிருக்க, இருபது வயதுப் பிள்ளை தன் விரிவுரையாளரிடம் வினாவ நாணுதல் யாது காரணம்?

காரணமும் உண்டு. பல துறைகளிலே விரிவுரை ஆங்கிலத்தில் நடைபெறுதலின், பிழைபடப் பேசிவிடுவோமோ என்று நம் தீவகத்துப் பிள்ளைகள் அஞ்சி வாய்மூடுகின்றனர். அவர்க்கு நாம் சொல்லவேண்டுவது இது: பிழையுடன் கேட்ட வினா ஒரு கணம் வெட்கந் தரும், கேளாது விட்ட வினா நான்கு ஆண்டுந் துன்பந் தரும். விரிவுரைக் குறிப்பை அன்றிரவே மீளப் படித்து, விளங்காத ஓர் இடத்தையேனுங் குறித்து, மறுநாள் விரிவுரையாளரை அவர்தம் அறையிலே கண்டு வினாவுக. முதல் மாதத்திலே இதனைத் தொடங்கினவனுக்கு அச்சம் நீங்கும். முதலாண்டு முழுதும் ஒளிந்திருந்தவனுக்கு அச்சம் இரட்டிக்கும்.

சிந்தித்தல்

கேட்டதனைத் தனித்திருந்து மனத்தால் அளத்தல் சிந்தித்தலாம். இதற்கு இடம் நூலகம். இதற்குக் காலம் பரீட்சைக்கு முந்திய கிழமை அன்று, நாள்தோறுமாம்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, விவிலிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் அப்பாதிரியாருக்குத் துணைநின்றமை யாவரும் அறிந்தது. ஒரு சைவர் பிறசமய நூலைத் தமிழாக்க உதவியதனை எண்ணிச் சிலர் வியப்பர். அக்காலத்தை அவர் எவ்வாறு பயன்கொண்டனர் என்பதே நாம் வியக்கத்தக்கது. ஒழுங்காக நடத்தப்படும் பள்ளியையும், கேட்போர் விளங்கப் பேசும் பிரசங்கத்தையும், அச்சிட்ட புத்தகத்தின் ஆற்றலையும் அவர் அருகிருந்து கண்டனர். கண்டவற்றை வியந்து மயங்காமலும், வெறுத்து ஒதுக்காமலும், இவற்றுள் நம்மவர்க்கு வேண்டுவது எது என்று சிந்தித்தனர். 1847 ஆம் ஆண்டின் இறுதியிலே வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கந் தொடங்கினார். 1848 இலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இலே சென்னை சென்று அச்சியந்திரங் கொணர்ந்தார். பாலபாடங்கள் அதன் பின்னர் எழுந்தன. பலர் இருந்த பாடசாலையிலே அவரும் இருந்தார். பலர் வேதனம் பெற்றனர், அவர் வித்துப் பெற்றனர்.

யானும் மிஷன் கலாசாலையொன்றிலே விடுதி மாணவனாய்க் கற்றவன். மணியடித்தவுடன் எழுதலும், இரவிலே குறித்த நேரம் பேசாது படித்தலும், நூலகத்திலே தானாக ஒரு நூலைத் தெரிந்தெடுத்தலும் யான் அங்கே பெற்ற பழக்கங்கள். நன்றி மறத்தல் சைவருக்கு இழுக்கு, ஆதலின் சொல்கின்றேன்.

நூலகத்தின் அருமையை யாழ்ப்பாணத்தவர்க்கு ஒருவர் எடுத்துரைத்தல் வேண்டா. 1981 ஆம் ஆண்டிலே நம் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயினபொழுது யான் சிறுவன். பெரியோர் உற்றார் இறந்தாற்போல வருந்தக் கண்டேன். அவ்வாறு நூலை இழந்து அழுத மக்களின் பிள்ளைகள், இன்று பல்கலைக்கழகத்திலே பெரிய நூலகத்தின் வாயிலைக் கடந்து சென்றும், உள்ளே புகாது, முந்திய ஆண்டு மாணவர் விட்டுச்சென்ற குறிப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, எஞ்சிய பொழுதைக் கைத்தொலைபேசிக்கு ஈந்து கழித்தல் தகுமா? பாடத்துக்கு விதிக்கப்படாத நூலொன்றை மாதந்தோறும் முழுதும் படித்து முடிப்பேன் என்று மாணாக்கன் ஒருவன் விரதம் பூண்பானாயின், பட்டம் பெறும் நாளிலே முப்பது நாற்பது நூல்களுக்கு உரியவனாவான்.

தெளிதல்

சிந்தித்ததனைப் பிறரோடு உசாவியும் ஒப்பிட்டும் ஐயம் அறுத்தல் தெளிதலாம். இங்கேதான் நண்பரின் பயன் புலப்படும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது நம் சித்தாந்தத் துணிபு. செம்பூவின் அருகிலே வைத்த படிகம் சிவக்கும். நீலத்தின் அருகிலே நீலிக்கும். கல்லூரியிலே பிள்ளையைச் சாரும் பொருள் எது? பாடத்தைக் காட்டிலும் அறைத்தோழனே அதிகமாகச் சாருகின்றான். நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் விரிவுரையாளரோடு இருப்பவன், பதினைந்து மணிநேரம் தோழரோடு இருக்கின்றான். ஆதலின் தோழரைத் தெரிந்தெடுத்தல் பாடத்தைத் தெரிந்தெடுத்தலினும் பெரிது.

இதிலும் என் பிழையொன்றைக் கூறல்வேண்டும். கலாசாலையிற் கற்ற காலத்திலே, காலையில் இட்ட திருநீற்றை வாயிலை அடையுமுன் கைக்குட்டையால் துடைத்துவிடுவேன். ஆசிரியர் எவரும் அவ்வாறு சொல்லவில்லை. மாணவர் எவரும் ஏளனஞ் செய்யவில்லை. யானே அஞ்சித் துடைத்தேன். எங்கள் வகுப்பிலே கிறித்தவ மாணவன் ஒருவன் இதனைக் கண்டு, “நீ நம்புவது உண்மையானால் ஏன் துடைக்கிறாய்? நம்பாவிட்டால் வீட்டில் ஏன் பூசுகிறாய்?” என்று கேட்டான். என் சமயத்தார் எவருங் கேளாத வினா அது. அன்றுதொட்டுத் துடைத்திலேன். அவனும் யானும் பள்ளி விட்டபின் மரநிழலிலே இருந்து சமயம் வழக்காடினோம். அவன் சைவனாகவுமில்லை, யான் கிறித்தவனாகவுமில்லை. இருவருந் தத்தம் நெறியிலே தெளிவுற்றோம். நம்மைப்போன்றோரை மாத்திரஞ் சார்ந்திருப்பின் இத்தெளிவு வாராது. மாறுபட்ட கருத்துடைய நற்குணத்தான் ஒருவனைத் தோழனாகப் பெறுதல் கல்லூரி தரும் பெரும்பேறுகளுள் ஒன்றாம்.

ஒப்பிட்டுத் தெளியும் முறைக்குச் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1832 இலே பிறந்த அவர், அமெரிக்க மிஷனார் 1823 இலே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்றவர். 1857 இலே தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அங்கே கணிதமும் இயற்கை நூலும் பயின்று கூர்மையுற்ற அறிவைக் கொண்டு, பின்னாளிலே செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தனர். பட்டம் அவருக்கு உத்தியோகந் தந்தது. கல்லூரியிற் பெற்ற தெளிவோ தமிழுக்கு நூல் தந்தது.

தோழமை பற்றிப் பேசுமிடத்துப் பகிடிவதை என்னுங் கொடுமையையும் மறைத்தல் தகாது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமென விதித்துள்ளது. துன்புற்ற பிள்ளை அதனை மறையாது முறையிடல் கோழைமை அன்று என்று நாம் முன்னரே அறிவுறுத்தல்வேண்டும். அதனினும் முக்கியம், தான் பட்ட துன்பத்தை மறுவருடம் இளையோர்மேல் இறக்காதிருக்குமாறு உரைத்தலாம். அடியார்க்கு அடியனாதலைப் போற்றும் நெறியிலே பிறந்தவன், தன் பின்வந்த மாணவனை மண்டியிடச் செய்தல் சிவநிந்தையேயாம்.

நிட்டை

தெளிந்த பொருளிலே அசையாது நிற்றல் நிட்டை. மாணாக்கனுக்கு நிட்டையாவது, கற்றதனை வாழ்விலே நிறுத்திப் பிறர்க்குப் பயன்படுத்தலாம்.

நமது ஊர்காவற்றுறைக் கரம்பொனிலே 1913 இலே பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். அவர் கத்தோலிக்கக் குருவானவர். உரோமாபுரியிலே உயர்கல்வி பெற்றுப் பல ஐரோப்பிய மொழிகளிலே வல்லவராய் மீண்டும், தம் தாய்மொழியிலே தாம் கற்றது போதாதென உணர்ந்தனர். தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்திலே பள்ளியாசிரியராய் இருந்துகொண்டே தமிழ் இலக்கணம் பயின்று, 1945 இலே, முப்பது வயதைக் கடந்த நிலையிலே, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே மாணவராய்ச் சேர்ந்தனர். குருவானவராய்ப் பலர் வணங்க இருந்தவர், இளைஞரோடு வாங்கில் அமர்ந்து கேட்டனர். அக்கல்வியிலே உறுதியாய் நின்று, 1952 இலே தமிழ்ப் பண்பாட்டை உலகுக்கு எடுத்துரைக்கும் ஆங்கிலக் காலாண்டு ஆய்விதழைத் தொடங்கினார். 1964 இலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். 1966 இலே கோலாலம்பூரிலே முதல் மாநாடு கூடச் செய்தார். சைவச் சிறுவராகிய நாவலர் மிஷன் பாடசாலையிலே வித்துப் பெற்றமையும், கத்தோலிக்கக் குருவாகிய அடிகளார் தில்லையின் அயலிலே தமிழ்ப் பெற்றமையும் ஒரே உண்மையை விளக்குகின்றன: தான் தேடுவது யாதென அறிந்தவனுக்கு எந்தக் கலாசாலையும் காமதேனுவாம், அறியாதவனுக்கு எந்தக் கலாசாலையும் கட்டிடமேயாம்.

இன்னுமொன்று. 1945 முதல் இந்நாட்டிலே கல்வி இலவசம் என்கின்றோம். இலவசம் என்பது பெறுவோனுக்கேயன்றிக் கொடுப்போனுக்கு அன்று. நெடுந்தீவிலே வலை இழுப்பவனும், மலையகத்திலே தேயிலைக் கொழுந்து பறிப்பவளும் உப்புக்கும் சீனிக்குங் கொடுக்கும் விலையிலே நம் மாணாக்கனின் விரிவுரை மண்டபம் நிற்கின்றது. நம் தீவகத்தார் கல்விக்கும் பிழைப்புக்குமாகக் கடல் கடத்தல் உயிர்ப்பணயமாய் இருந்த காலமும் உண்டு. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் தேதி குமுதினிப் படகிலே சென்றோருள் 20 இற்கு மேற்பட்டோர் நடுக்கடலிலே வெட்டுண்டு மாண்டனர். அக்கடலைத்தான் இன்று நம் பிள்ளை அச்சமின்றிக் கடந்து செல்கின்றான். கடன்பட்டவன் என்ற உணர்ச்சி ஒன்றே அவனைச் சோம்பலினின்று காக்கும். ஊருக்கே திரும்பி வருதல் எல்லாருக்கும் இயலாது. அதனை யாம் கட்டளையிடுதலுந் தகாது. எங்கே இருப்பினும், தான் கற்றதில் ஒரு பகுதியைத் தனக்குப் பின் வரும் தீவகப் பிள்ளை ஒருவனுக்குக் கொடுத்தல் இயலும். அதுவே அவனது நிட்டையாகுக.

நமது கடன்

அன்பர்களே! இவையெல்லாம் மாணாக்கனின் கடன்களாயின், நமது கடன் யாது? பல்கலைக்கழகத்தின் முதல்நாளிலே ஒருவன் திடீரென மாணாக்கனாகான். நம் வகுப்பிலே கேட்டிராதவன் அங்கேயுங் கேளான். ஆதலின், உயர்தர வகுப்பிலே நாள்தோறும் ஒரு மாணவனேனும் ஒரு வினா எழுப்பிய பின்னரே பாடம் முடிந்ததெனக் கொள்வாம். அவ்வினாவுக்கு நமக்கு விடை தெரியாதாயின், “எனக்குத் தெரியாது, நாளை பார்த்து வருவேன்” என்று சொல்லுவாம். அச்சொல்லைக் கேட்ட பிள்ளை தன் அறியாமைக்கு நாணான். தவணைக்கு ஒரு நூலையேனும் குறிப்பின்றித் தானே படித்து வந்து வகுப்பிலே சொல்லச் செய்வாம். விடைபெற வரும் பிள்ளைக்கு முதல் மாத முடிவிலே நாமே ஒரு கடிதமெழுதுவாம், அல்லது தொலைபேசியிலே அழைப்பாம், “பெறுபேறு எப்படி?” என்று வினாவாமல், “இம்மாதம் யாரிடம் என்ன கேட்டாய்?” என்று வினாவுவாம்.

அம்மாணவன் பின்னர் யாதாயினான் என்று நீவிர் அறிய விரும்புவீர். அன்று அவனை நயினை நாகபூஷணி அம்பாள் சந்நிதிக்கு அழைத்துச் சென்றேன். தொழுதபின், வீதியிலே இருந்து, அவன் பாடத்திலே எனக்குத் தெரியாத ஒன்றை எனக்கு விளக்கும்படி கேட்டேன். ஆசிரியனாகிய யான் வினாவ, அவன் தயங்கித் தயங்கி விளக்கினான். விளக்குங்கால் தனக்கே விளங்காத இடத்தைக் கண்டு நின்றான். “இதைத்தான் அங்கே கேட்கவேண்டும்” என்றேன். மறுகிழமை அவன் படகேறினான். யானும் குறிகாட்டுவான் வரை உடன் சென்றேன். அவன் முதல் வகுப்புப் பெற்றிலன். ஓராண்டு பிந்தியே பட்டம் பெற்றான். இன்று அவனும் ஓர் ஆசிரியன். அவன் வகுப்பின் பக்கமாகச் செல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வினாவுங் குரல் வெளியே கேட்கின்றது.

கேளாத பிள்ளையை உலகுக்கு அனுப்பிய பழி இனி நம்மைச் சாராதிருக்க எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்